திசு போதவில்லை: மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து ஒரு நுரையீரல் புற்று நிகழ்வு

ஊர் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக்குப் பக்கம், கடலுக்கு நடந்தே போய்விடலாம். பெண், வயது 52. இருபத்தெட்டு வருடம் அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) அண்டி தல்லியவர், அதாவது முந்திரிக்கொட்டை உடைத்தவர். 2022 டிசம்பர் முதல் வாரம் மகனோடு எங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்தார். நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்து மறித்தது. வலது பக்கம் சாய்ந்து படுத்தால்தான் மூச்சு ஒழுங்காக வருகிறது என்றார். ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியிருந்தது. மடியில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் காசநோய் மாத்திரை அட்டைகள். பத்து வாரமாக ஒரு நாள் கூட விடாமல் விழுங்கியிருக்கிறார்.

நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். அண்டித்தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனி எல்லாம் கறுத்து, தோல் உரிந்து உரிந்து வளர்ந்திருந்தது. அந்தக் கறுப்புக்குள் நகங்கள் உப்பியிருந்தது எளிதில் கண்ணில் படாது. இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டி வைக்கச் சொன்னேன். நடுவே வைரக்கல் வடிவில் ஒரு சிறு இடைவெளி தெரிய வேண்டும். தெரியவில்லை. நெஞ்சில் காசநோய் நீர் கோத்து சில மாதங்களே ஆன ஒருவருக்கு நகம் இப்படி உப்புவது வழக்கமில்லை. சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

(நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

காசநோய் என்று நினைத்ததன் பின்னணி

முதலில் பார்த்த மருத்துவமனையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஐந்து மாத இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் உறையில் நீர். நம் நாட்டில் இதற்கு முதல் பெயர் டி.பி.தான். நீரை எடுத்துப் பார்த்ததில் லிம்போசைட் அணுக்கள் மிகுதி, ஏ.டி.ஏ. (காசநோயில் கூடும் ஒரு நொதி) அளவு 36. நாற்பதைத் தாண்டினால் காசநோய்ப் பக்கம் சாய்வோம். இது வாசற்படியில் நின்ற எண். சளியிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் பரிசோதனை எதிர்மறை. ஆனால் உறைநீரில் அந்தப் பரிசோதனை நிறையவே தவறவிடும், ஆகவே எதிர்மறையை வைத்து டி.பி. இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். பிழை அதற்குப் பிறகு நடந்தது. ஆறாவது வாரம் நீர் திரும்பக் கோத்தபோது, அதுவும் ரத்தம் கலந்து வந்தபோது, செல் பரிசோதனைக்கு அனுப்பாமல் அதே மருந்தைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாவட்டத்தில் புற்று என்றாலே நினைவுக்கு வருவது வாய்ப்புற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை. கன்னியாகுமரி திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1933லேயே, திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி லான்செட் இதழில் கட்டுரை வந்துவிட்டது. இந்த அம்மா வெற்றிலை போட்டதில்லை, வீட்டில் பீடி குடிப்பவரும் இல்லை. அதனால் புற்று என்ற எண்ணமே யாருக்கும் எழவில்லை.

சி.டி. ஸ்கேனில் வலது மேல்மடலில் 4.2 செ.மீ. கட்டி, உறை நெடுகச் சிறு முடிச்சுகள், இடது நுரையீரலில் மூன்று புள்ளிகள். மூளை எம்.ஆர்.ஐ. சுத்தம். நான்காம் நிலை, அதில் ‘ஏ’ பிரிவு. காசநோய் மருந்தை நிறுத்தலாமா என்று நெஞ்சு மருத்துவரோடு ஒரு மாலை முழுக்கப் பேசினோம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம் ஆகும். நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்தோம். (ஜனவரி நடுவில் வந்த முடிவில் எதுவும் வளரவில்லை.) இந்த முடிவுக்கு வேறொரு பயனும் இருந்தது, அது பின்னால் வரும்.

முதல் மாதிரி, எங்கள் பிழை

நெஞ்சிலிருந்து ஒரு லிட்டர் நீரை எடுத்தோம். அதில் 50 மில்லியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைக் கொட்டினோம். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த 50 மில்லியைச் சுழற்றி, அடியில் தங்கிய செல்களைத் திரட்டி, பாரஃபின் மெழுகில் பதித்து ‘செல் பிளாக்’ செய்தார்கள். கடுகளவு திரட்சி. ஸ்லைடில் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல் வகைப் புற்று) தெரிந்தது. அது நுரையீரலில் பிறந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று பார்க்கச் சாயப் பரிசோதனைகள் கேட்டேன். நுரையீரலுக்கு டி.டி.எஃப்-1, செதில்செல் வகையை விலக்க பி40, இந்த இரண்டே போதும். நான் ஒன்பது கேட்டிருந்தேன், அதையும் இரண்டு தவணையாக. ஒவ்வொரு சாயத்துக்கும் நான்கு மைக்ரான் தடிமனில் ஒரு சீவல் போகும். அதைவிட இழப்பு, பிளாக்கை ஒருமுறை இறக்கிவிட்டு மறுபடி இயந்திரத்தில் ஏற்றும்போது. முகம் சமனாக வரும்வரை சீவித் தள்ள வேண்டும், அப்படிச் சீவுவதெல்லாம் குப்பைக்குப் போகும். தேங்காய் துருவுகிறவர் சிரட்டையைத் தொட்ட பிறகு இன்னும் ஒரு பிடி வேண்டும் என்று கேட்ட கதை.

மிஞ்சிய திசுவை, மரபணுப் பிறழ்வைத் தேட மூலக்கூறு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஒன்பது நாள் கழித்து அங்கிருந்து வந்த அறிக்கையில் ஒரே வரி: திசு போதவில்லை, புற்றுசெல் விகிதம் மிகக் குறைவு.

நுரையீரலில் பிறந்த அடினோகார்சினோமா என்று தெரிந்துவிட்டது. ஆனால் எந்த மருந்து என்று சொல்லக்கூடிய ஒரே தகவல் குப்பையில் கிடந்தது.

‘கண்ணை மூடிட்டு மாத்திரை கொடுங்க’

மகன் வளைகுடாவில் வேலை பார்த்தவர், விவரம் தெரிந்தவர். கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு வந்து கேட்டார்: “சார், பீடி சிகரெட் குடிக்காத பொம்பளையளுக்குத்தானே இந்த ஈ.ஜி.எஃப்.ஆர். வரும்? அப்போ மாத்திரையைத் தொடங்கிரலாமே, ரிப்போர்ட்டுக்கு எதுக்குக் காத்துக் கிடக்கணும்?”

நியாயமான கேள்வி. ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லைப் பெருகச் சொல்லும் ஒரு மரபணு. அதில் பிறழ்வு, அதாவது எழுத்து மாற்றம், இருந்தால் அதை அடக்க மாத்திரை உண்டு. 2003இல் அமெரிக்காவில் அவ்வகைக் கெஃபிட்டினிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது உலகமே அப்படித்தான் கொடுத்தது. பத்தில் ஒருவருக்கு மாயம் போல வேலை செய்தது, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. காரணம் 2004இல் தெரிந்தது: வேலை செய்தவர்களின் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் பிறழ்வு இருந்தது. பிறகு ஆசிய நாடுகளில் நடந்த ஐபாஸ் ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் புகைபிடிக்காதவர்கள், எல்லாருக்கும் அடினோகார்சினோமா. இந்த அம்மாவைப் போன்றவர்களே. பிறழ்வு இருந்தவர்களில் 71 விழுக்காட்டினருக்குக் கெஃபிட்டினிப்பில் கட்டி சுருங்கியது. இல்லாதவர்களில் 1.1 விழுக்காடு. அவர்களுக்கு மாத்திரையைவிடக் கீமோவே தெளிவாக மேல். ஆள், பழக்கம், பாலினம் பார்த்து ஊகிப்பது பூவா தலையா போடுவது போலத்தான். இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் இந்தப் பிறழ்வு.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஒத்துக்கொண்டார். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

மறுபடி நீர் எடுத்தோம். இந்த முறை 600 மில்லி, முழுதும் ஆய்வகத்துக்கு. நோய்க்குறியியல் மருத்துவரை நானே போனில் அழைத்து, சாயம் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு ஸ்லைடு பார்த்துவிட்டு அப்படியே அனுப்புங்கள் என்றேன். முடிவு வரும்வரை சும்மா இருக்க முடியாது, மூச்சு அந்த அளவுக்கு முட்டியது. பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் கீமோவைத் தொடங்கினோம். பெமெட்ரெக்ஸெட்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் கொடுத்திருக்க வேண்டும். அதை முதல் நாளே ஆரம்பித்திருந்ததால் தாமதம் ஆகவில்லை. கீமோ செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஓடியது.

பதினைந்து எழுத்து

ஜனவரி 2023 இரண்டாம் வாரம் அறிக்கை வந்தது. ஈ.ஜி.எஃப்.ஆர்., எக்ஸான் 19 நீக்கம். மரபணுவின் 19ஆம் துண்டில் சில எழுத்துகள் காணவில்லை என்று பொருள்.

ஏழாவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு, செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு ஏற்பிப் புரதத்தை எழுதுகிறது. வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால் உள்ளே இருக்கும் பகுதி செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைப் பிடித்து ‘பெருகு’ என்று செய்தி அனுப்பும். காரணி விலகினால் அடங்கிவிடும். அந்த வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்ததற்காக ஸ்டான்லி கோஹன் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த அம்மாவின் கட்டியில் இருந்தது இவ்வகையில் மிக அதிகமாகக் காணப்படும் நீக்கம். 1210 அமினோ அமிலம் நீளமுள்ள புரதத்தில் ஐந்தே ஐந்து இல்லை, அதாவது டி.என்.ஏ.வில் பதினைந்து எழுத்து. பதினைந்து மூன்றால் வகுபடும் என்பதைக் கவனியுங்கள். பதினான்கோ பதினாறோ போயிருந்தால் அதற்குப் பிறகு வரும் வாசகம் முழுக்கக் குழம்பி, புரதமே உருவாகாது, புற்றும் வந்திருக்காது. மூன்றின் மடங்காகப் போனதால் புரதம் உருவாகிறது, ஆனால் ஒரு வளையம் குட்டையாகிவிடுகிறது. குட்டையான அந்த வளையம் பக்கத்தில் உள்ள சுருளை உள்ளே இழுத்து, ‘வேலை செய்’ என்ற நிலையிலேயே பிடித்து வைக்கிறது. வெளியிலிருந்து காரணி வராமலேயே செய்தி போய்க்கொண்டிருக்கும். பிறழ்வு கொண்ட இந்தப் புரதத்துக்கு ஏ.டி.பி. மேல் பிடிப்புக் குறைவு என்பதுதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. ஏ.டி.பி. உட்காரும் இடத்தில் கெஃபிட்டினிப் போய் எளிதில் உட்கார்ந்துகொள்கிறது.

மகள் கேட்டது வேறு: “எனக்க பிள்ளையளுக்கும் வருமா டாக்டரே?” இது பிறவியில் வந்ததல்ல, நுரையீரலில் ஒரு செல்லில் பின்னாளில் ஏற்பட்டது. பிள்ளைகளுக்குக் கடக்காது.

மண்ணா, புகையா

அந்த அம்மா கேட்டதுதான் கடினமான கேள்வி. “எனக்க மொவன் சொல்லுகான், இந்த மண்ணுல இருந்துதான் வந்திருக்குண்ணு. அப்படியா டாக்டரே?”

மணவாளக்குறிச்சிக் கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு மோனசைட்டும் உண்டு, அதில் தோரியம். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டறிந்த பிறகு, ஐரோப்பாவின் வாயு விளக்குத் திரிகளுக்கு இங்கிருந்து கப்பல் கப்பலாக மணல் போனது. இன்றும் இங்கே மத்திய அரசின் மணல் ஆலை ஓடுகிறது. இயற்கைக் கதிர்வீச்சு உயர்ந்த கடற்கரை என்பது உண்மை. பக்கத்து வீட்டில் ஒரு புற்று, எதிர்வீட்டில் ஒன்று என்று எண்ணுகிறவர்களிடம் அது வெறும் மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதே வகை மணல் கொண்ட கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் பதிவேடு தொடங்கி வீடுவீடாகக் கதிர் அளவை எடுத்தது. 69,958 பேரைச் சராசரி பத்தரை வருடம் பின்தொடர்ந்த முடிவு 2009இல் வந்தது. அதில் 1,379 புற்றுகள். கதிர் கூடக் கூடப் புற்றும் கூடுகிறது என்ற போக்கு தெரியவில்லை. இதை அவரிடம் சொன்னேன். மணலை மட்டும் குற்றவாளியாக்க ஆதாரமில்லை என்றேன்.

எனக்கு உறுத்துவது புகைதான். கொதும்பும் (தென்னம்பாளை) தொண்டும் (தேங்காய் மட்டை) சிரட்டையும் எரிந்த அடுப்படியில் நாற்பது வருடம். அண்டி வறுக்கிற நாளில் ஆலைக்குள் கண்ணைத் திறக்க முடியாது என்று அவரே சொன்னார். விறகுப் புகையை ‘புற்று உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வைத்தது. 2023இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. புற்றில்லாத நுரையீரல் திசு மாதிரிகளை நுணுகிப் பார்த்தபோது 18 விழுக்காட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு ஏற்கெனவே இருந்தது. உறங்கிக் கிடக்கும் செல்கள். காற்றில் உள்ள நுண்துகள் புதிதாகப் பிறழ்வை உண்டாக்குவதில்லை. அழற்சியைக் கிளப்பி, உறங்குவதைத் தட்டி எழுப்புகிறது என்பது அந்த ஆய்வு காட்டிய வழி. அது நகரக் காற்றைப் பற்றிய ஆய்வு. அண்டியாபீஸ் புகைக்கு அப்படியே பொருந்தும் என்று எழுதிவிட என்னிடம் ஆதாரம் இல்லை. இந்த ஒருவருக்கு இதுதான் காரணம் என்றும் யாராலும் சொல்ல முடியாது.

“அப்போ ஆருக்குமே தெரியாது, என்னா?” என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன், இருமலில் சரியாகத் தெரியவில்லை.

மருந்து வேலை செய்த விதம்

கெஃபிட்டினிப் தினம் 250 மில்லிகிராம், ஒரு மாத்திரை. கீமோவையும் நிறுத்தவில்லை. டாட்டா நினைவு மருத்துவமனை 350 நோயாளிகளில் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் மறுபடி முன்னேற இடைமட்ட அளவில் (பாதிப்பேருக்கு இதற்கு முன்பு, பாதிப்பேருக்குப் பின்பு) 8 மாதம் ஆனது. மாத்திரையோடு இதே கீமோவும் சேர்ந்தபோது 16 மாதம். பக்கவிளைவும் அதில் இரட்டிப்பு என்பதை மறைக்கக் கூடாது. ஓஸிமெர்ட்டினிப் என்ற அடுத்த தலைமுறை மாத்திரையை முதலிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது என்று 2018இலேயே தெரியும் (18.9 மாதம், பழைய மாத்திரைகளுக்கு 10.2). அதன் விலையைக் கேட்டு மகன் எழுந்து வெளியே போய்விட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

மாத்திரையைத் தொடங்குமுன் மஞ்சள் பையை மேசையில் கொட்டச் சொன்னேன். காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு, ரத்தத்தில் கெஃபிட்டினிப் அளவை எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைத்துவிடும். அந்த மருந்தை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்ததால் தூண்டுதல் அடங்கியிருந்தது. முன்னால் நான் சொன்ன பயன் இதுதான். ஆனால் பையிலிருந்து உருண்டு விழுந்தது இன்னொரு அட்டை: ‘கேஸ் மாத்திரை’. மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும் என்று யாரோ சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் பாண்டோபிரசோல். வயிற்றில் அமிலம் இல்லையென்றால் கெஃபிட்டினிப் சரியாகக் கரையாது, உடலில் சேரும் அளவு பாதியாகிவிடும். மருந்துச் சீட்டில் எழுதாத இந்த மாத்திரையைப் பற்றிக் கேட்காவிட்டால் நோயாளி தாமாகச் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் அது மருந்தே இல்லை.

மூன்றாம் வாரம் இருமல் நின்றது. முகத்தில் பருபோல் கொப்புளம், இடையிடையே வயிற்றுப்போக்கு. எல்லாவற்றையும்விடத் தொல்லை நகச்சுற்று. ஏற்கெனவே வெந்துபோன விரல்நுனியில் நகக்கண் வீங்கிச் சீழ் வைத்தது; சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டார். அண்டியாபீஸுக்குத் திரும்பப் போக அவர் கேட்டபோது நான் தடுத்த முதல் காரணம் நுரையீரல்கூட இல்லை, இந்த விரல்கள்தான்.

மூன்று மாதத்தில் கட்டி 1.8 செ.மீ. ஆனது, நீர் வற்றியது. நான்கு சுற்றுக்குப் பிறகு கார்போபிளாட்டினை விட்டுவிட்டு, பெமெட்ரெக்ஸெட்டை மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்தோம். நவம்பரில் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் ரத்த அளவு) ஏறத் தொடங்கவே அதையும் நிறுத்தினோம். மாத்திரை மட்டும் ஓடியது.

திரும்பி வந்தபோது

2024 மே மாதம், பதினாறாம் மாதம், கல்லீரலில் 2.6 செ.மீ. அளவில் புதிதாக ஒன்று. டாட்டா ஆய்வின் எண்ணோடு ஒத்துப்போனது தற்செயல். ஒரு ஆளுக்கு இடைமட்ட எண் எதையும் முன்கூட்டிச் சொல்லாது.

கெஃபிட்டினிப் போன்ற முதல் தலைமுறை மாத்திரைக்குக் கட்டி பழகிப்போகும்போது, பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே காரணம்தான்: டி790எம். புரதத்தின் 790ஆம் இடத்தில் திரியோனின் போய் மெத்தியோனின் வருகிறது, டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து மாற்றம். மருந்து நுழையும் வாசலில் பருத்த ஆள் ஒருவர் உட்கார்ந்துவிட்டார் என்றுதான் முதலில் எண்ணினார்கள். 2008இல் தெளிந்தது வேறு: ஏ.டி.பி. மேல் குறைந்திருந்த பிடிப்பு இந்த மாற்றத்தால் திரும்ப வந்துவிடுகிறது, மருந்து போட்டியில் தோற்கிறது. ஓஸிமெர்ட்டினிப் அங்கே போட்டிக்கே நிற்பதில்லை, 797ஆம் இடத்து சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்கிறது.

கையில் ரத்தம் எடுத்து அதில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடச் சொன்னோம். திசு எடுக்கும் ஊசிக்குப் பயந்திருந்த அம்மாவுக்கு அது நிம்மதி. முடிவு: டி790எம் இல்லை. இந்த இடத்தில் பலர் நிறுத்திக்கொண்டு வேறு கீமோவுக்குப் போய்விடுகிறார்கள். திசுவில் டி790எம் இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு ரத்தத்தில் தென்படாது. இன்னும் கவனித்தால், அறிக்கையில் அவருடைய பழைய எக்ஸான் 19 நீக்கமும் காணவில்லை. அது கட்டியில் கட்டாயம் இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதுவே தென்படவில்லை என்றால் கட்டியின் டி.என்.ஏ. ரத்தத்தில் போதிய அளவு இறங்கவில்லை என்று பொருள், டி790எம் பற்றி அந்த அறிக்கை எதுவுமே சொல்லவில்லை.

“பின்னயும் குத்தணுமா?” என்றார். குத்தித்தான் ஆக வேண்டும் அக்கா என்றேன். ஜூன் மாதம் கல்லீரலில் ஸ்கேன் பார்த்தபடி நான்கு ஊசித் துண்டுகள் எடுத்தோம். இரண்டிரண்டாகத் தனித்தனி பிளாக்கில் பதிக்கச் சொன்னோம். ஒரு பிளாக்கில் ஒரே முறை ஏற்றி, ஒரு சாதா ஸ்லைடு, ஒரு டி.டி.எஃப்-1, அதற்கடுத்த பத்துச் சீவல் மூலக்கூறு ஆய்வுக்கு. எக்ஸான் 19 நீக்கம் இருந்தது. டி790எம்மும் இருந்தது.

ஜூலை கடைசியில் ஓஸிமெர்ட்டினிப் 80 மில்லிகிராம் தொடங்கினோம். அந்த மாதம் 23ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் மூன்று புற்று மருந்துகளுக்குச் சுங்கவரி நீக்கப்பட்டது, இது அதில் ஒன்று. அப்படியும் எட்டாத விலைதான். நோயாளி உதவித் திட்டமும், மகன் விற்ற பத்து சென்ட் தென்னந்தோப்பும் சேர்ந்து நடக்கிறது.

இதை எழுதும்போது பதினோராவது மாதம். கல்லீரல் கட்டி 1.1 செ.மீ., நுரையீரலில் தழும்பு போல ஒரு கோடு. ஈ.சி.ஜி. ஒழுங்கு. நகச்சுற்று ஆறிவிட்டது, விரல்நுனிக் கறுப்பு உதிர்ந்து, உள்ளங்கை நிறத்துக்கு வந்திருக்கிறது. இந்த மருந்துக்கும் கட்டி ஒரு நாள் வழி கண்டுபிடிக்கும், 797ஆம் இடத்திலோ வேறெங்கோ. அப்போது பழைய திசுவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். கல்லீரலில் எடுத்த இரண்டாவது பிளாக் இன்னும் சீவப்படாமல் ஆய்வக அலமாரியில் இருக்கிறது. அதன் மேல் நோய்க்குறியியல் மருத்துவர் ஒட்டியிருக்கும் சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருப்பது: “ஜீன் பரிசோதனைக்கு. வெட்டுமுன் போன் செய்யவும்.”